எச்டி3 சேனல் வாடகைக்கு வருகிறது: தமிழ்ச் சங்கம் எடுக்கலாமா?

ஜனவரி 11, 2025

நண்பர் ஒருவர் கேட்டது: “அமெரிக்காவில் எங்கள் ஊர் எஃப்எம் நிலையம் ஒன்று தன் எச்டி3 சேனலை எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு மாத வாடகைக்குத் தருவதாகச் சொல்கிறது. 24 மணி நேரமும் நாமே நடத்திக்கொள்ளலாமாம். பக்கத்து எச்டி2-வில் ஒரு ஸ்பானிஷ் கிறிஸ்தவச் சபை ஏற்கெனவே இருக்கிறது. ஒரு செயலி போட்டு இணையத்தில் நடத்தினால் போதாதா? இதற்குப் பணம் கொடுப்பது சரியா?”

ஒலிபரப்புக் கருவிகளைப் பொருத்திப் பராமரிப்பதுதான் என் பிழைப்பு. அதோடு, வாடகைக்கு எடுத்த ஒரு எச்டி3-இல் எங்கள் பகுதித் தமிழர்கள் நடத்திய வானொலியிலும் கூடவே இருந்தவன். அதனால் நான் முதலில் கேட்பது ஒன்றே ஒன்று. எச்டி3 மட்டும்தானா, டிரான்ஸ்லேட்டரும் சேர்த்தா? இது தெரியாமல் வாடகைத் தொகையைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள்.

ஜனவரி 12

டிரான்ஸ்லேட்டர் என்றால் என்ன, எச்டி3 என்றால் என்ன என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். சரி, அடியிலிருந்தே வருகிறேன். முதலில் எச்டி3, இரவில் டிரான்ஸ்லேட்டர்.

அமெரிக்க வானொலிகளைக் கட்டுப்படுத்தும் அரசு ஆணையமான எஃப்சிசி, 2002 அக்டோபரில் ஐபிக்விட்டி நிறுவனத்தின் எச்டி ரேடியோ என்ற டிஜிட்டல் முறைக்கு அனுமதி கொடுத்தது. பழைய அனலாக் எஃப்எம் அலையை அப்படியே விட்டுவிட்டு, அதன் மையத்துக்கு இரண்டு பக்கமும் சுமார் 129 கிலோஹெர்ட்ஸிலிருந்து 198 வரையுள்ள இடத்தில் டிஜிட்டல் அலைகளைச் சேர்த்து அனுப்புவதுதான் இதன் உத்தி. 2007-இல் வந்த விதிப்படி, தனியாகச் சோதனை அனுமதி வாங்காமலே ஒரு நிலையம் அந்த டிஜிட்டல் பகுதிக்குள் எச்டி1, எச்டி2, எச்டி3 என்று பல சேனல்களை நடத்தலாம். அப்போதிருந்துதான் இந்த வாடகைத் தொழில் சூடு பிடித்தது.

சாதாரண அமைப்பில் எல்லாச் சேனல்களும் பங்கிட்டுக்கொள்ளக் கையில் இருப்பது மொத்தம் நொடிக்கு 96 கிலோபிட் அளவுதான். டிஜிட்டல் அலைகளை உள்பக்கமாக நீட்டினால் 120-ஐத் தாண்டலாம். எச்டி1 என்பது அந்த நிலையத்தின் வழக்கமான நிகழ்ச்சியையே இலவசமாகத் தர வேண்டிய சேனல், அதில் கை வைக்க முடியாது. அதற்கு 48 போனால் மிச்சம் 48. இரண்டு வாடகைதாரர் இருந்தால் ஆளுக்கு 24, அல்லது ஒருவருக்கு 32, இன்னொருவருக்கு 16. இந்தப் பங்கீட்டை ஒப்பந்தத்தில் எழுதாத நிலையங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பேசும்போது “நல்ல தரம்” என்பார்கள், எண்ணைச் சொல்ல மாட்டார்கள். எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றும் உண்டு. கார் ஒரு மேம்பாலத்துக்கு அடியில் போகும்போது எச்டி1 விட்டுப்போனால் ரேடியோ சத்தமில்லாமல் அனலாக்குக்கு மாறிவிடும், கேட்பவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. எச்டி2, எச்டி3-க்கு அந்தத் தாங்கல் கிடையாது. வந்தால் சுத்தமாக வரும், இல்லாவிட்டால் மௌனம்தான். நகரின் ஓரத்தில் குடியிருப்பவர்கள் ஒரு பாட்டு கேட்பதற்குள் மூன்று தடவை மௌனத்தைக் கேட்பார்கள்.

அந்த ஓரம் எங்கே தொடங்குகிறது என்பதை டிஜிட்டல் பகுதியின் சக்தி தீர்மானிக்கிறது. ஆரம்பத்தில் அனலாக் சக்தியில் 1 சதவீதம்தான் அனுமதி. 2010-இல் பெரும்பாலான நிலையங்களுக்கு 4 சதவீதம் வரையும், பக்கத்து நிலையங்களுக்கு இடையூறு வராத சில இடங்களில் 10 வரையும் உயர்த்தினார்கள். ஆனால் அனுமதி இருப்பதும் உயர்த்தியிருப்பதும் வேறு வேறு. உயர்த்த வேண்டுமானால் பெரிய டிரான்ஸ்மிட்டர் வாங்க வேண்டும், மின்கட்டணம் கூடும். அந்தச் செலவைச் செய்யாமல் பழைய 1 சதவீதத்திலேயே ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நிலையத்தின் அனலாக் வரைபடத்தைக் காட்டி “இவ்வளவு தூரம் போகும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது உங்கள் வரைபடம் இல்லை.

ஜனவரி 12, இரவு

இப்போது டிரான்ஸ்லேட்டர். சட்டப்படி இது ஒரு சிறிய மறு ஒலிபரப்பி, அதிகபட்சம் 250 வாட். வேறொரு நிலையத்தின் நிகழ்ச்சியை வாங்கி, தன் சொந்த அனலாக் அலைவரிசையில் விடும். சொந்தமாக நிகழ்ச்சி தயாரித்து விட அதற்கு உரிமை இல்லை, தாய் நிலையம் ஒன்று வேண்டும். அந்தத் தாய் எச்டி2-வாகவோ எச்டி3-ஆகவோ இருக்கலாம் என்று எஃப்சிசி ஏற்றுக்கொண்டதால் விளையாட்டே மாறிவிட்டது.

ஒரு நிலையம் தன் எச்டி2-வில் ஒரு சபையின் நிகழ்ச்சியை விடுகிறது. நகருக்குள் ஒரு டிரான்ஸ்லேட்டர் அந்த எச்டி2-வை எடுத்து 100-க்குச் சொச்சம் மெகாஹெர்ட்ஸில் அனலாக்காக விடுகிறது. கேட்பவர்களுக்கு அது முழு எஃப்எம் நிலையம் மாதிரியேதான் தெரியும். இருபது வருஷப் பழைய ரேடியோவிலும் வரும். எச்டி2-வை நேரடியாகக் கேட்பவர் ஒருவர்கூட இல்லாவிட்டாலும் அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஏனென்றால் தாய் நின்றால் டிரான்ஸ்லேட்டரும் வாயை மூட வேண்டும்.

மத வலையமைப்புகள் இதை யாருக்கும் முன்பே புரிந்துகொண்டன. 88-லிருந்து 92 மெகாஹெர்ட்ஸ் வரையிலான கல்வி ஒதுக்கீட்டுக்குள் தன் சொந்த நிலையத்தின் நிகழ்ச்சியைச் செயற்கைக்கோள் வழியாகவே தன் டிரான்ஸ்லேட்டர்களுக்கு ஊட்டலாம். அதற்கு மேலே உள்ள அலைவரிசைகளில் அப்படி முடியாது. ஆனால் டிரான்ஸ்லேட்டர் தாய் நிலையத்தின் எல்லைக்குள்ளேயே அடங்கி இருந்தால் தரைவழி இணைப்பு எதிலும் ஊட்டலாம். அதனால் எங்கோ இருக்கும் ஒரு வலையமைப்பு, உள்ளூர் நிலையத்தின் எச்டி2-வை வாடகைக்கு எடுத்தால், உள்ளூர் டிரான்ஸ்லேட்டருக்கு ஒரு சட்டபூர்வமான தாய் கிடைத்துவிடுகிறது. கே-லவ், ஏர்1 என்ற கிறிஸ்தவ இசை வானொலிகளை நடத்தும் எஜுகேஷனல் மீடியா ஃபவுண்டேஷன் பல ஊர்களில் இந்த வழியில்தான் நுழைந்தது. நிலைய முதலாளிகளும் சும்மா இருக்கவில்லை. பெரிய சந்தையில்கூட ஒருவர் 8 நிலையங்களுக்கு மேல், அதிலும் எஃப்எம்மில் 5-க்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற வரம்பில் டிரான்ஸ்லேட்டர் கணக்கில் வராது, அதனால் அவர்களும் இந்த வழியைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆகவே சந்தையில் விலை போவது டிரான்ஸ்லேட்டர்தான். எச்டி சேனல் அதற்கான அனுமதிச் சீட்டு. உங்களுக்கு வந்திருப்பது சீட்டு மட்டும் என்றால் அதற்கேற்ற விலைதான் கொடுக்க வேண்டும்.

ஜனவரி 15

“பொதுமக்களின் அலைகளை அந்நிய மொழிக்காரர்களுக்கும் சபைகளுக்கும் விற்றுக் காசு பார்க்கிறார்கள், இதைத் தடை செய்ய வேண்டும்” என்று ஒருவர் காட்டமாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு நிதானமாகவே பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதே பேச்சைப் பொறியாளர்கள் கூடும் இடங்களிலும் கேட்டிருக்கிறேன்.

அமெரிக்க எஃப்எம்மில் மிச்சம் மீதி இடத்தை வாடகைக்கு விடுவது எச்டியோடு ஆரம்பித்ததில்லை. 1955-லேயே எஸ்சிஏ என்ற துணை அலைகளுக்கு எஃப்சிசி அனுமதி கொடுத்தது. எஃப்எம் சிக்னலுக்குள்ளேயே 67 கிலோஹெர்ட்ஸில், பிற்பாடு 92-இலும், சாதாரண ரேடியோவுக்குக் கேட்காதபடி இன்னொரு நிகழ்ச்சி போகும். முதலில் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் பின்னணி இசை போனது. 1969-இல் மினசோட்டாவில் பார்வையற்றவர்களுக்குச் செய்தித்தாளும் புத்தகமும் வாசித்துக் காட்டும் சேவை இந்தத் துணை அலையில்தான் தொடங்கியது, உலகிலேயே அந்த வகையில் முதலாவது. 1983-இல் விதிகள் தளர்ந்த பிறகு மொழிச் சமூகங்களும் உள்ளே வந்தன. சீனம், கொரியன், ரஷ்யன், இந்திய மொழிகள் என்று ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு பெட்டி வாங்க வேண்டும், அதில் அந்த ஒரு நிலையம் மட்டுமே வரும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் டொரண்டோவிலும் இதே கதைதான். அங்கே தமிழர் வீடுகளில் அடுக்களை அலமாரியில் அந்தப் பெட்டி இருக்கும். மாமா ஒருவர் வீட்டில் நான் பார்த்தது, முன்பக்கத்தில் ஒரே ஒரு திருகு, ஒலி கூட்டக் குறைக்க மட்டும். காலையில் போட்டால் இரவு படுக்கும்போதுதான் அணைப்பார்கள். மரண அறிவித்தல், வேலை வாய்ப்பு, ஊர்ச் செய்தி எல்லாம் அதில்தான். அலைவரிசை மாற்ற வழியே இல்லாத அந்தப் பெட்டியைச் சனம் காசு கொடுத்து வாங்கிற்று.

வேறு யாருக்கும் வேண்டாத இடத்தில் குடியேறி, அதற்குக் கேட்பவர்களையும் சேர்த்துக் காட்டியவர்கள் இவர்கள். எச்டி2, எச்டி3 வந்தபோது பெரிய நிறுவனங்கள் என்ன போட்டன? பழைய பாட்டுகளை ஆளில்லாமல் கணினியில் ஓட விட்டார்கள், அதையும் பல இடங்களில் பாதியில் நிறுத்திவிட்டார்கள். அந்த வெற்றிடத்தில் மனிதக் குரலைக் கொண்டுவந்து வைத்ததில் மொழிக் குழுக்களுக்கும் சபைகளுக்கும் பெரிய பங்கு உண்டு. பொதுமக்களின் அலை என்றால் அந்தப் பொதுமக்களில் வியட்நாமியப் பாட்டியும் எத்தியோப்பிய டாக்சி ஓட்டுநரும் இருக்கிறார்கள்.

ஜனவரி 15, சற்று நேரம் கழித்து

அதே டொரண்டோவில் பிற்பாடு 101.3-இல் சிஎம்ஆர் என்ற பன்மொழி வானொலி முழு உரிமத்தோடு, தமிழுக்குப் பெரிய இடம் கொடுத்து, 2004-இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. சிறப்புப் பெட்டி தேவையில்லை, எந்தக் காரிலும் வரும். சொந்த உரிமம் என்றால் என்ன என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. வாடகைக்கு இருப்பவர்கள் எல்லாரும் கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம் அது.

ஜனவரி 19

செயலியா ரேடியோவா என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டும் வேண்டும், ஆனால் காரணம் பலர் நினைப்பது அல்ல.

அமெரிக்கச் சட்டத்தில் வானில் விடும் இலவச ஒலிபரப்புக்குப் பாடலாசிரியர், இசையமைப்பாளர் தரப்புக்குத்தான் உரிமத் தொகை. ஒலிப்பதிவின் சொந்தக்காரருக்கு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. எச்டி3-உம் இலவச ஒலிபரப்புதான், அதற்கும் இதே கணக்கு. இணையத்தில் அதே பாட்டை விட்டால் ஒலிப்பதிவுக்கும் தனியாகக் கட்ட வேண்டும். விளம்பரம் போட்டு நடத்துகிற நிலையம் என்றால் எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பாட்டு என்று பெருக்கிக் கணக்குப் போடுவார்கள். கேட்பவர்கள் கூடக் கூட இணையத்தில் செலவு கூடும். வானில் பத்துப் பேர் கேட்டாலும் பத்தாயிரம் பேர் கேட்டாலும் ஒரே வாடகை. திரைப்பாடல்களை நாள் முழுக்க ஓட்ட நினைக்கும் சங்கம் இந்தக் கணக்கை முதலில் போட வேண்டும்.

அப்புறம் வயதானவர்கள். பிள்ளைகளோடு இருக்க வந்த அம்மா அப்பாக்களுக்குக் கைப்பேசி தெரியாமல் இல்லை, வாட்ஸ்அப்பில் நம்மைவிட வேகம். ஆனால் வேலை பார்த்துக்கொண்டே கேட்பதற்கு ரேடியோதான் அவர்களுக்குப் பிடிக்கிறது. இடையில் அழைப்பு வந்து நிற்காது, திரை அணையாது.

ஜனவரி 20

“காரில் எச்டி இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?” என்று அக்கா ஒருவர் கேட்டார். சமீப ஆண்டுகளில் அமெரிக்காவில் வாங்கிய கார் என்றால் இருக்கவே வாய்ப்பு அதிகம். எங்கள் வானொலி தொடங்கிய புதிதில் பொங்கல் விழா நடந்த பள்ளி வாகன நிறுத்தத்தில் ஒரு மேசை போட்டு நின்றோம். வந்தவர்களில் நிறையப் பேருக்குத் தங்கள் காரில் அது இருப்பதே தெரியாது. ஒரு ஆச்சியின் மகன் “எங்க வண்டில அதெல்லாம் இல்ல” என்று அடித்துச் சொன்னார். உள்ளே உட்கார்ந்து நிலையத்தின் முதன்மை எண்ணில் வைத்தேன். சில நொடி ஒன்றும் நடக்கவில்லை. திரையின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் இருந்த எச்டி அடையாளம் ஆரஞ்சு நிறமானது. மேல்நோக்கிய அம்பை அழுத்தினேன், எச்டி2, ஸ்பானிஷில் ஜெபம். இன்னொரு அழுத்து, மறுபடி சில நொடி மௌனம், அப்புறம் நம் அறிவிப்பாளர் குரல். ஆச்சி மகனைப் பார்த்து, “இத்தனை நாளா இதை ஏன் போடல?” என்றார்.

அந்தச் சில நொடி மௌனத்தில்தான் நிறையப் பேர் கை எடுத்துவிடுகிறார்கள். “எண்ணில் வை, அடையாளம் வரும்வரை பொறு, அம்பை இரண்டு தடவை அழுத்து, எச்டி3-ஐ நினைவில் பதி.” இதை அச்சடித்துக் கையில் கொடுங்கள். விளம்பரத்துக்குச் செலவழிக்கும் பணத்தைவிட இந்தத் துண்டுக் காகிதம் அதிகம் வேலை செய்யும்.

ஜனவரி 26

24 கிலோபிட்டில் நம் இசை எப்படி இருக்கும் என்று கேட்டவருக்கு: பேச்சு நன்றாக இருக்கும். பழைய திரைப்பாட்டு பரவாயில்லை. நாகஸ்வரம் தனியாக வாசித்தால் ஏமாற்றாது. தவிலும் தாளமும் சேர்ந்ததும் பிரச்சினை ஆரம்பிக்கும். தாளத்தின் ‘ணங்’ என்ற ஒலிக்குப் பின்னால் வர வேண்டிய நீண்ட கார்வை நீருக்குள் குமிழ் வெடிப்பது போலக் கொழகொழத்துப் போகும். பஜனைப் பதிவுகளில் ஜால்ரா வந்தால் இன்னும் மோசம்.

இதில் குறைக் கிலோபிட் மட்டும் காரணம் இல்லை. சங்கத்திலிருந்து நிலையத்துக்கு அனுப்பும்போதே எம்பி3-யாக 64 கிலோபிட்டில் நசுக்கி அனுப்புகிறார்கள். பாடல் கோப்பே யாரோ எங்கிருந்தோ இறக்கியதாக இருக்கும், அது முதல் நசுக்கல். நிலையத்தில் எச்டிக்காக மறுபடி நசுக்குவார்கள். மூன்று தடவை பிழிந்த பிறகு என்ன மிஞ்சும்? நிலையம்வரை போகும் இணைப்பை முடிந்த அளவு உயர்ந்த தரத்தில் வையுங்கள், 256-க்குக் கீழே வேண்டாம். குறுந்தட்டிலிருந்து நேரடியாகக் கோப்புகளை எடுங்கள். இதற்கெல்லாம் பெரிய செலவே இல்லை, ஆனால் காதில் விழும் வித்தியாசம் அவ்வளவு இருக்கும்.

பிப்ரவரி 2

பக்கத்துச் சேனல் சபையைப் பற்றிச் சிலர் ஒரு மாதிரிப் பேசுகிறார்கள், அவர்களால் நம் தரம் குறைகிறது என்று. எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன்.

எங்களுக்கும் எச்டி2-வில் இருந்தது ஒரு ஸ்பானிஷ் பெந்தகோஸ்தே சபைதான். ஒரு சமயம் நிலையம் அவர்களுக்கு அதிக இடம் கொடுத்து எங்களைக் குறைக்கப் பார்த்தது. நாங்கள் நிலையத்தோடு மல்லுக்கட்டுவதற்கு முன்னால் அந்தச் சபையின் போதகரைப் போய்ப் பார்த்தோம். அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைப் பாடல்தான் உயிர், வாரநாட்களில் பெரும்பாலும் பேச்சு. எங்களுக்குச் சனிக்கிழமை இசை முக்கியம். இரண்டு தரப்பும் சேர்ந்து போய்க் கேட்டதும், 32–32–32 என்று எச்டி1-லிருந்தும் கொஞ்சம் எடுத்து மூன்றாகச் சமமாகப் பிரிக்க நிலையம் ஒப்புக்கொண்டது. தனித்தனியாகக் கேட்டிருந்தால் நடந்திருக்காது. நிலையத்துக்கு வாடகைதாரர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாமல் இருப்பதுதான் வசதி. அதனால் நண்பரே, கையெழுத்துப் போடும் முன் அந்தச் சபையோடு ஒரு தேநீர் சாப்பிடுங்கள். எத்தனை நாளாக இருக்கிறார்கள், என்ன கொடுக்கிறார்கள், எத்தனை தடவை நின்றுபோனது, எல்லாம் சொல்வார்கள்.

பிப்ரவரி 9

சட்டப் பொறுப்பு. வாடகைக்கு விட்டாலும் உரிமதாரர் நிலையம்தான். அந்தச் சேனலில் போகும் ஒவ்வொரு சொல்லுக்கும் எஃப்சிசி முன்னால் நிலையமே பதில் சொல்ல வேண்டும். அவசர எச்சரிக்கை எல்லாத் துணைச் சேனலிலும் வர வேண்டும். மணிக்கு ஒருமுறை நிலைய அடையாளத்தை எச்டி எண்ணோடு சொல்ல வேண்டும். காசு வாங்கிப் போட்ட நிகழ்ச்சி என்றால் யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டும். இதையெல்லாம் நிலையம் உங்களிடம் கறாராகக் கேட்டால் சந்தோஷப்படுங்கள், நாளைக்கு உங்களை அம்போவென்று விடாத நிலையம் அது. “என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்” என்பவரிடம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

நிலையம் வணிக நோக்கற்றது என்றால் இன்னொரு கட்டு உண்டு. கடை விளம்பரம் விற்க முடியாது. ஆதரவு தந்தவர் பெயரையும் தொழிலையும் சொல்லலாம், “இன்றே வாருங்கள், தள்ளுபடி” என்று அழைக்க முடியாது. வாடகையை விளம்பரத்தில் எடுத்துவிடலாம் என்று கணக்குப் போடும் சங்கங்கள் இதை முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டு அரசு சம்பந்தப்பட்ட விதி 2021-இல் வந்தது, 2022 மார்ச்சிலிருந்து நடைமுறை. நேரத்தை வாடகைக்கு எடுக்கும் எவரிடமும், நீங்கள் ஏதாவது வெளிநாட்டு அரசின் சார்பில் வருகிறீர்களா, நிகழ்ச்சியைத் தயாரித்தவர்களுக்கு அப்படித் தொடர்பு உண்டா என்று நிலையம் கேட்டாக வேண்டும். இருந்தால் நிகழ்ச்சியிலேயே அறிவிக்க வேண்டும். உரிமதாரர்கள் அரசுப் பட்டியல்களைத் தாங்களே தேடிச் சரிபார்க்க வேண்டும் என்ற பகுதியை 2022 ஜூலையில் நீதிமன்றம் நீக்கியது, கேட்கும் கடமை அப்படியே இருக்கிறது. உங்களிடம் இந்தப் படிவத்தை நீட்டினால் சந்தேகப்படுகிறார்கள் என்று வருத்தப்பட வேண்டாம். சபைக்கும் இதே படிவம்தான்.

பிப்ரவரி 10

நேற்றுச் சொன்னதோடு சேர்த்து ஒன்று. வாஷிங்டனில் டபிள்யூஏஎம்யூ நிலையத்தின் எச்டி2-வில் புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசைக்கான சேனல் ஒன்று உண்டு, 105.5-இல் ஒரு டிரான்ஸ்லேட்டரிலும் அது வந்துகொண்டிருந்தது. 2017 கோடையில் அந்த டிரான்ஸ்லேட்டர் ரஷ்ய அரசின் ஸ்புட்னிக் வானொலிக்குப் போயிற்று. அந்த ஆண்டு முடிவதற்குள் ஸ்புட்னிக் 1390 ஏஎம்முக்கு மாறியது. அதற்கு இடைத்தரகராக இருந்த நிறுவனம் வெளிநாட்டு முகவராகப் பதிவு செய்ய வேண்டும் என்று 2019-இல் நீதிமன்றம் சொன்னது.

எல்லாரும் ஸ்புட்னிக்கைப் பற்றியே பேசினார்கள். நான் யோசித்தது புளூகிராஸ் ரசிகர்களை. எச்டி2 அப்படியே இருந்தது. ஆனால் எச்டி ரேடியோ இல்லாதவருக்கு அந்தச் சேனல் ஒரே இரவில் வானிலிருந்து காணாமல் போனது. ஜனவரி 12 இரவு டிரான்ஸ்லேட்டரைப் பற்றி எழுதியதை இதோடு சேர்த்துப் படியுங்கள். டிரான்ஸ்லேட்டரோடு சேர்த்து எடுப்பவர்களுக்கும் பாதுகாப்பு கிடையாது. டிரான்ஸ்லேட்டரின் சொந்தக்காரர் வேறொருவராக இருந்தால் உங்களுக்கு இரண்டு வீட்டுக்காரர்கள். அதோடு அது இரண்டாம் தரச் சேவை, முழு உரிமம் உள்ள நிலையத்துக்கு இடையூறு என்று நிரூபித்தால் அது விலகிக்கொள்ள வேண்டும். இரண்டு ஒப்பந்தமும் ஒரே நாளில் முடிகிறதா, ஒன்று போனால் மற்றதன் வாடகை குறையுமா என்று எழுதி வாங்குங்கள்.

பிப்ரவரி 23

எங்கள் வானொலி ஏன் நின்றது என்று கேட்கிறீர்கள். நிலையத்தின் பெயர் வேண்டாம்.

முதல் அடி ஒரு தீபாவளி வார இறுதியில் விழுந்தது. வெள்ளி மாலை எச்டி3 மௌனமானது. நிலையத்தில் எச்டி3-ஐக் கேட்கும் ஆள் ஒருவரும் இல்லை, கண்காணிப்புக் கருவியும் எச்டி1-ஐ மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் கூப்பிட்டால் எடுக்க ஆளில்லை. திங்கள் காலைதான் ஒருவர் வந்து கணினியை மறுபடி இயக்கினார். அந்த மூன்று நாளுக்காக வாரக்கணக்கில் பதிவு செய்து வைத்திருந்த நிகழ்ச்சிகள், பிள்ளைகள் பாடியது, முதியோர் இல்லத்தில் எடுத்த பேட்டிகள் எல்லாம் இணையத்தில் மட்டும் போயின. வாடகையில் ஒரு டாலர் குறைக்கவில்லை, ஏனென்றால் ஒப்பந்தத்தில் ஒலிபரப்பு நின்றால் என்ன என்று ஒரு வரியும் இல்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

பிறகு நிலையம் கைமாறியது. வாங்கியவர்கள் ஒரு மத வலையமைப்பு, அவர்களுக்கே மூன்று சேனலும் வேண்டியிருந்தது. 30 நாள் அறிவிப்பு, அவ்வளவுதான். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை, காசு கொடுத்து வாங்கினார்கள், அவர்களுக்கும் ஒரு சனம் இருக்கிறது. வருத்தம் விற்றவர்மேல். விற்பனை பேச்சில் இருந்தபோதே எங்களோடு புதுப்பித்தல் பேசி, நாங்கள் புதிதாக ஒலிவாங்கிகள் வாங்குவதைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

ஆகவே மூன்று வரிகள். நின்றால் அந்த நேரத்துக்கு வாடகை இல்லை, இத்தனை மணிக்குள் சரிசெய்ய வேண்டும். கிலோபிட் எண் இது, நம் சம்மதம் இல்லாமல் மாறாது. நிலையம் விற்கப்பட்டால் வாங்குபவரையும் இந்த ஒப்பந்தம் கட்டுப்படுத்தும், அல்லது குறைந்தது ஆறு மாத அறிவிப்பு. மூன்றாவதுக்கு ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று பலர் சொல்வார்கள். கேட்டுப் பாருங்கள். ஒப்புக்கொள்ளவே முடியாது என்றால் ஏன் என்று அவர் சொல்லும் காரணத்திலேயே உங்களுக்கு வேண்டிய செய்தி இருக்கும்.

மார்ச் 8

கேள்வி கேட்ட நண்பர் விவரங்களோடு வந்திருக்கிறார். டிரான்ஸ்லேட்டர் கிடையாது. டிஜிட்டல் சக்தி இன்னும் 1 சதவீதம்தான், “அடுத்த ஆண்டு உயர்த்துவோம்” என்கிறார்கள். 24 கிலோபிட். வணிக நிலையம், விளம்பரம் போடலாம். சபையோடு பேசியிருக்கிறார், அவர்கள் நான்கு ஆண்டுகளாக இருக்கிறார்கள், குறை ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லையாம். தமிழர்கள் அதிகம் இருக்கும் இரண்டு புறநகர்ப் பகுதிகளில் காரை ஓட்டிப் பார்த்ததில் ஒன்றில் விட்டுப்போகாமல் வருகிறது, மற்றதில் ஏரிக்கு அந்தப் பக்கம் போனதும் அடிக்கடி மௌனம்.

என் கருத்து: எடுங்கள், ஆனால் இவர்கள் கேட்கும் விலைக்கு வேண்டாம். இன்று வேலை செய்யும் ஒரு புறநகருக்கு என்ன கொடுக்கலாமோ அதை மட்டும் சொல்லுங்கள். சக்தியை 4 சதவீதமாக உயர்த்தி, ஏரிக்கு அந்தப் பக்கமும் நின்று கேட்கும்போது விடாமல் வந்த மாதத்திலிருந்து மிச்சத்தைத் தருகிறோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். உயர்த்த அவர்களுக்கும் ஒரு காரணம் கிடைக்கும். ஒரு ஆண்டுக்கு மேல் கையெழுத்துப் போடாதீர்கள். அதுவரை இணையத்தையும் நிறுத்த வேண்டாம், ஏரிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அதுதான் வழி. முதல் மாதமே ஒரு பழைய எச்டி ரேடியோவை வாங்கிச் சங்கச் செயலாளர் வீட்டில் எச்டி3-இல் வைத்து ஓடவிடுங்கள், நின்றால் நிலையத்துக்கு முன்னால் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

ஒப்பந்த வரைவு வந்ததும் அனுப்புங்கள், கருவி சம்பந்தப்பட்ட பக்கங்களைப் பார்த்துத் தருகிறேன். மற்றதுக்கு வழக்கறிஞர் வேண்டும்.